பரம்பரையா, வளர்ப்பா? ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தரும் பாடம்

"வாப்பா மாதிரியே கோபக்காரன்", "அந்தக் குடும்பத்து ரத்தமே அப்படித்தான்", "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டாங்க." நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. முதல் இரண்டும் பரம்பரையின் மீது பழி போடுகின்றன. மூன்றாவது வளர்ப்பின் மீது போடுகிறது. உண்மையில் ஓர் உயிரின் உருவத்திலும் நடத்தையிலும் எதன் பங்கு எவ்வளவு? விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஊர்களிலிருந்து இந்தக் கேள்வியைப் பார்ப்போம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்: மலை அணில்

ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-ல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகியது. இந்தப் பெரிய அணில் பெரும்பாலும் தரைக்கு இறங்காமல் மரத்துக்கு மரம் தாவியே வாழ்கிறது. இலையும் சுள்ளியும் கொண்டு உயரத்தில் கூடு கட்டுகிறது.

இவற்றில் எது பிறவியில் வந்தது, எது பழகி வந்தது? ஐரோப்பாவின் சிவப்பு அணில்களை வைத்து ஆஸ்திரியாவில் பிறந்த ஆய்வாளர் ஐப்ல்-ஐபெஸ்ஃபெல்ட் இதைச் சோதித்தார். குட்டிகளைத் தாயிடமிருந்தும் மற்ற அணில்களிடமிருந்தும் பிரித்து, மண்ணே இல்லாத கூண்டில் வளர்த்தார். முதன்முதலாகக் கொட்டைகள் கிடைத்தபோது, அவை வெறும் தரையைக் கால்களால் கீறி, கொட்டையை மூக்கால் அழுத்தி, இல்லாத மண்ணைத் தள்ளி மூடின. புதைக்கும் அசைவுகளை யாரும் அவற்றுக்குக் கற்றுத்தரவில்லை. ஆனால் அதே அணில்கள் கொட்டையை உடைப்பதில் தடுமாறின. எந்த இடத்தில் கடித்தால் எளிதில் உடையும் என்பதைப் பலமுறை முயன்ற பிறகே கற்றன. ஒரே கொட்டை விஷயத்தில் பாதி பிறவி, பாதி பழக்கம்.

ராஜபாளையம்: வெள்ளை நிறத்தின் விலை

ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தெற்கே உள்ள ராஜபாளையத்தின் பெயர், பஞ்சாலைகளோடு, ஒரு நாய் இனத்தாலும் பரவியது. காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட உயரமான வேட்டை நாய் அது. இந்திய அஞ்சல்துறை 2005-ல் அதற்குத் தபால்தலை வெளியிட்டது.

பால் போன்ற வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் அசல் என்று மக்கள் விரும்பினார்கள். ஆகவே வெள்ளை நாய்களையே தேர்ந்தெடுத்து இணை சேர்த்தார்கள். வேறு நிறத்தில் பிறந்த குட்டிகளைக் கொன்றுவிடும் வழக்கமும் இருந்தது. விளைவு என்ன? இந்த இனத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை ஒரு பெரும் குறையாக நிலைத்துவிட்டது.

நிறத்துக்கும் காதுக்கும் என்ன தொடர்பு? தோலுக்கு நிறம் தரும் நிறமிச் செல்கள் உள்காதிலும் இருக்கின்றன. ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் வேலை செய்வதற்கு வேண்டிய உப்புச் சமநிலையை உள்காது நீரில் அவை பராமரிக்கின்றன. மிகை வெள்ளை நிறத்துக்குக் காரணமான மரபணுக்கள் இந்தச் செல்கள் உடலெங்கும் பரவுவதைத் தடுக்கின்றன. உள்காதிலும் அவை இல்லாமல் போனால், குட்டி பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் அழிந்துவிடும். டால்மேஷியன் போன்ற மற்ற வெள்ளை நாய் இனங்களிலும் இதே குறை உண்டு. மனிதன் நிறத்தை மட்டும்தான் தேர்ந்தெடுத்தான். மரபணு காதையும் சேர்த்தே கொண்டுவந்தது.

அடங்காத நாயா, கேளாத நாயா?

காது கேளாத குட்டியை உரிமையாளர் கூப்பிடுகிறார். அது திரும்பிப் பார்ப்பதில்லை. "திமிர் பிடித்தது", "அறிவில்லாதது" என்று அடி விழுகிறது. பின்னால் வந்து திடீரெனத் தொட்டால் பயந்து கடிக்கிறது. "கெட்ட நாய்" என்ற பெயரும் வந்துவிடுகிறது. கேளாமை மரபணு தந்தது. கடிக்கும் பழக்கமோ மனிதர் அதை நடத்திய விதத்தில் வந்தது. அதே குட்டிக்குக் கைச்சைகையால் கட்டளை சொல்லி, சொன்னபடி செய்தவுடன் தீனி கொடுத்துப் பழக்கினால் நன்றாகவே கற்றுக்கொள்கிறது.

பழக்கத்தின் இந்த ஆற்றலை ரஷ்ய ஆய்வாளர் பாவ்லோவ் நாய்களிடமே கண்டார். உணவுக்கு முன் ஓர் ஒலியை மீண்டும் மீண்டும் கேட்கச் செய்தால், பிறகு அந்த ஒலிக்கே நாய்க்கு எச்சில் ஊறியது. பழக்குவதற்கு ஏற்ற பருவம் ஒன்று உண்டு என்பதையும் பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. 1961-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 14 வாரம் வரை மனிதர்களையே பார்க்காமல் வளர்ந்த குட்டிகள் மனிதரைக் கண்டு மிரண்டன. அவற்றைப் பழக்குவது மிகக் கடினமாக இருந்தது. மரபணுவில் குறையில்லை. பருவம் தவறிப்போனதுதான் காரணம்.

பயிற்சி பெற்ற விலங்குக்கும் பெறாத விலங்குக்கும் உள்ள வேறுபாட்டை நம் மார்க்கமும் கணக்கில் எடுக்கிறது. பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணி நமக்காகப் பிடித்ததை, அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ண அல்குர்ஆன் (5:4) அனுமதிக்கிறது. நாய் ஒன்றுதான். கற்றுக்கொடுத்த கல்வி சட்டத்தையே மாற்றுகிறது.

மறைந்து வரும் பரம்பரை

கிராமப்புற அரபி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தம் மனைவி கறுப்பு நிறக் குழந்தையைப் பெற்றிருப்பதாகச் சந்தேகத்தோடு கூறினார். நபியவர்கள் அவருடைய ஒட்டகங்களின் நிறத்தைக் கேட்டார்கள். சிவப்பு என்றார். அவற்றில் சாம்பல் நிற ஒட்டகமும் உண்டா என்று கேட்க, உண்டு என்றார். அது எங்கிருந்து வந்தது என்றதற்கு, மூதாதையரின் சாயலாக இருக்கலாம் என்றார். உம் மகனுக்கும் அப்படியே இருக்கலாம் என்று விளக்கி அனுப்பினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள இச்சம்பவம், பெற்றோரிடம் வெளிப்படாத பண்பு குழந்தையிடம் தோன்றலாம் என்பதை உணர்த்துகிறது. கணவன் மனைவியைக் குற்றம் சொல்லும் வாசலையும் அடைக்கிறது.

பிறவிச் செவிட்டுத்தன்மையும் பல சமயம் இப்படித்தான் வருகிறது. தாய் தந்தை இருவருக்கும் நன்றாகக் காது கேட்கும். ஆனால் இருவரும் ஒரே குறையுள்ள மரபணுவின் ஒரு பிரதியை மறைவாகச் சுமந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் கேளாமை வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. நெருங்கிய உறவில் திருமணம் செய்தால் இருவரிடமும் ஒரே மரபணு இருக்கும் சாத்தியம் கூடுகிறது. மாமா மகள், சாச்சா மகள் போன்ற முறையில் மணப்பதை மார்க்கம் அனுமதித்துள்ளது, கட்டாயமாக்கவில்லை. குடும்பத்தில் ஏற்கெனவே கேளாமையோ வேறு பிறவிக் குறையோ இருந்தால், நிச்சயம் செய்யும் முன் மரபணு ஆலோசனை பெறுவது அறிவுடைமை.

நம் வீட்டில் செய்ய வேண்டியது

குழந்தை திரும்பிப் பார்க்கவில்லை, சொன்னதைச் செய்யவில்லை என்றால் "பிடிவாதம்", "ரத்தம் அப்படி" என்று முடிவு கட்டும் முன் காதைச் சோதியுங்கள். பிறந்த ஒரு மாதத்துக்குள் கேட்புச் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது மருத்துவர்களின் நெறி. மொழியைக் கற்பதற்கும் பருவம் உண்டு; அது முதல் சில ஆண்டுகள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் சிகிச்சை உண்டு. அறுவை சிகிச்சை பொருந்தாத குழந்தைக்குச் சைகை மொழி இருக்கிறது. அதுவும் முழுமையான மொழியே.

எந்த மரபணுவோடு பிறப்பது என்பது குழந்தையின் கையிலும் இல்லை, தாயின் கையிலும் இல்லை. அதற்காக யாரையும் பழிக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் பிறந்த குழந்தையை எப்படி வளர்ப்பது, எப்போது சோதிப்பது, என்ன பெயர் சொல்லி அழைப்பது என்பவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பற்றித்தான் நாம் கேட்கப்படுவோம்.