நெட்டைக் கழுத்துக்காரி

எங்கள் குடும்பத்தில் திமிர்பிடித்தவள் என்று பெயரெடுத்த கிழவி ஒருத்தி உண்டு. என் ஆயாவின் மாமியார். ஆரம்பாக்கத்தில் அவளுக்கு ‘நெட்டைக் கழுத்துக்காரி’ என்றே பெயர். சாமி கும்பிடும்போதுகூடத் தலை குனிய மாட்டாளாம். அடுப்பு ஊத வேண்டுமென்றால் மணை போட்டு உட்கார்ந்து, கழுத்தை நட்டமாக வைத்துக்கொண்டு, ஊதுகுழலை எட்ட நீட்டுவாளாம். வாசலில் கோலமும் அப்படித்தான், குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து. மருமகளாக வந்த ஆயாவுக்கு இதைப் பார்த்துப் பற்றிக்கொண்டு வருமாம்.

அவளைத் தேடிப் போக வேண்டுமென்று நான் நினைத்ததே இல்லை. அம்மாவின் வலது கண்தான் என்னைக் கிளப்பியது.

கண்ணைப் பரிசோதித்த டாக்டரம்மா, “ரொம்ப முத்த விட்டுட்டீங்களேம்மா, பால் மாதிரி வெளுத்துப் போயிருக்கு” என்றார். அம்மா கொஞ்சமும் அசரவில்லை. “முத்தட்டும்னுதான் இருந்தேன்.” இதை ஊரில் பத்துப் பேரிடம் கேட்டால் எட்டுப் பேர் சொல்வார்கள். ஒரு காலத்தில் மருத்துவர்கள் சொன்னதுதான் அது. லென்ஸை முழுசாக வெளியே எடுத்துவிட்டு, சோடாப்புட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்பிய நாட்களில், நன்றாக முற்றிய புரைதான் எடுப்பதற்குச் சுலபம். இப்போது ஒலியதிர்வால் உடைத்து உறிஞ்சுகிறார்கள். இளசாக இருந்தால் கரைவதும் சுலபம், கல்லாகிவிட்டால் பாடு. சிகிச்சை மாறிவிட்டது, அறிவுரை மட்டும் தேசிய நெடுஞ்சாலை ஓரத்துத் திண்ணைகளில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

வீடு திரும்பும் ரயிலில், கும்மிடிப்பூண்டி தாண்டியதும் அம்மா தானாகச் சொன்னார். “எங்க அப்பாவோட அம்மாவுக்கும் கண் ஆபரேஷன் ஆச்சு, தெரியுமா? திண்ணையில உக்கார வச்சு, ஊசியால. வந்தவன் மூணு விரலக் காட்டினானாம், சரியா எண்ணிட்டாளாம். நெல்லும் வேட்டியும் வாங்கிக்கினு போயிட்டான்.” கொஞ்ச நேரம் கழித்து, “குனிஞ்சா கண்ணுக்குள்ள நிலா இறங்குதுடின்னு எங்கம்மாகிட்ட ஒரு தடவ சொன்னாளாம். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல.”

அந்த நிலா எது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் நாலைந்து மாதம் அலைந்தேன்.

முதலில் தப்பான வழியில் போனேன். உறவில் ஒரு பெரியவர், “அவ கண்ணுல பூ விழுந்திருந்தது” என்று அடித்துச் சொன்னார். பூ என்றால் கருவிழியில் விழும் வெள்ளைத் தழும்பு. உள்ளே இருக்கும் லென்ஸ் மங்குவது புரை. வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே வெள்ளைதான். ஆனால் பூ விழுந்த கண்ணை ஊசியால் குத்தி ஒரு நிமிடத்தில் விரலை எண்ண வைக்க யாராலும் முடியாது. தடாவில் இருக்கும் அத்தை முறைக்காரர் ஒருவர்தான் சிக்கலை அவிழ்த்தார். அங்கே பேச்சு தெலுங்கு. “கண்ட்லோ சுக்லம்” என்றார், அடுத்த மூச்சில் “பொர” என்றார். தெலுங்கில் இரண்டும் புரைக்குத்தான். பூ கழிந்தது.

அடுத்து எழும்பூர் ஆவணக் காப்பகம். இங்கே போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: திருவள்ளூர் மாவட்டம் என்று கேட்டால் ஒன்றும் வராது. அந்த மாவட்டம் 1997இல் பிறந்தது. அதற்கு முன் எல்லாம் செங்கல்பட்டு. ஆரம்பாக்கம் அன்றைக்குப் பொன்னேரி தாலுகா. சென்னை மாகாண மருத்துவமனைகள், டிஸ்பென்சரிகள் பற்றிய ஆண்டறிக்கைகளை வரிசையாகப் புரட்டினேன். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை அறுவை, என்ன செலவு எல்லாம் இருக்கிறது. திண்ணையில் நடந்தது மட்டும் இல்லை. எப்படி இருக்கும்? ஊசி வைத்தியர் யாருக்கும் கணக்குக் கொடுத்தவரில்லை. நான் பார்த்த கட்டுகளில் ஆரம்பாக்கம் என்ற சொல்லே கண்ணில் படவில்லை. தூசியில் தும்மியதுதான் மிச்சம்.

தஞ்சாவூர்ப் பக்கம் போகலாமா என்றுகூட யோசித்தேன். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜிக்குக் கண் மருத்துவத்தில் தணியாத ஈடுபாடு. நோயாளியின் கண்ணை ஓவியமாக வரையச் செய்து, சிகிச்சையைக் குறித்து வைத்த ஏடுகள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. ஒரு மன்னர் கேஸ் ஷீட் எழுதி வைத்த ஊர் அது. எங்கள் கிழவிக்கு அந்த யோகம் இல்லை. காலமும் இடமும் வேறு. ஆசையை அடக்கிக்கொண்டேன்.

விடை காப்பகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை. 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனி, லண்டன் மூர்ஃபீல்ட்ஸில் பயின்ற ராபர்ட் ரிச்சர்ட்சனை அனுப்பித் தொடங்கிய மருத்துவமனை. முதலில் ராயப்பேட்டையில் இருந்தது, 1880களில் எழும்பூருக்கு வந்தது. ஆசியாவின் முதல் கண் மருத்துவமனை என்று இதைத்தான் சொல்கிறார்கள். 1904 முதல் பத்தாண்டு அளவில் இதன் தலைமையில் இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட். கண் அழுத்த நோய்க்கு வெள்ளைவிழி ஓரத்தில் சின்னத் துளை போடும் அறுவையை 1909இல் கொண்டுவந்து உலகப் பெயர் பெற்றவர் அவர். எனக்குத் தேவைப்பட்டது அவருடைய இன்னொரு வேலை. ஊசி வைத்தியர்கள் புரை தள்ளிய கண்களை அவர் சேகரித்தார். கெட்டுப்போய், வலி தாங்காமல் அகற்ற வேண்டி வந்த கண்கோளங்கள், ஐம்பதுக்கு மேல். அவற்றை வெட்டிப் பார்த்து லண்டன் ராயல் கல்லூரியில் 1917 பிப்ரவரியில் சொற்பொழிவாற்றினார். அதே ஆண்டு அது புத்தகமாகவும் வந்தது. இந்தியப் புரை தள்ளும் முறை பற்றி அதற்கு ஈடான நூலை நான் பார்த்ததில்லை.

அதைப் படிக்கும்போது அம்மாவின் குரல் கேட்டது. ஊர் ஊராகப் போகும் வைத்தியர். நூல் சுற்றி, நுனி மட்டும் தெரியும்படி வைத்த கூரிய கத்தி; அது அளவுக்கு மேல் ஆழப் போகாமல் இருக்கத்தான் நூல். வெள்ளைவிழியில் அதனால் ஒரு திறப்பு. பிறகு ஒரு செப்புக் கம்பி உள்ளே போய், மங்கிய லென்ஸைப் பிடித்திருக்கும் நார்களை அறுத்து, கண்ணின் பின்பக்கக் கூழுக்குள் அழுத்தித் தள்ளும். பாவைக்கு நேரே இருந்த திரை போய்விட்டதால் சட்டென்று வெளிச்சம். விரலைக் காட்டி எண்ணச் சொல்வது, கட்டுப் போட்டுவிட்டுக் கூலியோடு கிளம்புவது, கட்டை அவிழ்க்கும் நாளில் வைத்தியர் நாலு ஊர் தள்ளி இருப்பது. எல்லாம் இருக்கிறது.

எலியட்டுக்கு அந்த வைத்தியர்கள்மேல் இருந்த கசப்பு பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. மனிதர் பின்னாளில் லண்டன் மேஜிக் சர்க்கிளில் சேர்ந்து, இந்தியக் கயிற்று வித்தை வெறும் கட்டுக்கதை என்று நிறுவப் பாடுபட்டவர்; 1934இல் இதுபோன்ற கீழைநாட்டு மாயங்களை மறுத்து ஒரு புத்தகமும் எழுதினார். விரலை எண்ண வைப்பதிலும் அவருக்கு வித்தைக்காரன்தான் தெரிந்திருப்பான். அவர் கோபத்தில் நியாயம் உண்டு: கழுவாத செப்புக் கம்பி, சீழ், பிறகு இருட்டு. ஆனால் ஜாடிகளில் சேர்ந்தவை எழும்பூர் வரை வந்த கண்கள். எங்கள் கிழவி எழும்பூருக்கு வரவே இல்லை. வலி இல்லாமல் நாலைந்து வருஷம் பார்த்துக்கொண்டிருந்தவள் எதற்கு வருவாள்?

நிலா அந்தப் பக்கங்களில்தான் பிடிபட்டது. தள்ளப்பட்ட லென்ஸ் சில கண்களில் ஒரே இடத்தில் படிந்து விடுகிறது. சில கண்களில் கூழ் நீர்த்துப் போயிருக்க, லென்ஸ் கிணற்றுக்குள் விழுந்த தேங்காய் மாதிரி அலைகிறது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு, எனக்குப் பழக்கமான விழித்திரை நிபுணர் ஒருவரிடம் போனேன். நான் கதையை முடிப்பதற்குள் அவர் சிரித்தார். “தலை நிமிர்ந்திருந்தா லென்ஸ் அடியில கிடக்கும். குனிஞ்சா பாவைக்கு நேரா மிதந்து வரும். வட்டமா, மங்கலா. உங்க பாட்டி பார்த்தது அதுதான் சார்.” கடைசியில் கண் எப்படிப் போச்சு என்று கேட்டார். மழைக்காலத்தில் ஒரு ராத்திரி மண்டையைப் பிளக்கும் வலி, வாந்தி, விடிந்தால் ஒன்றும் தெரியவில்லை என்று அம்மா சொன்னதைச் சொன்னேன். லென்ஸ் முன்னால் வந்து பாவையை அடைத்துக்கொண்டால் கண்ணுக்குள் நீர் வடிய வழி இருக்காது, அழுத்தம் ஏறும், நரம்பு செத்துவிடும் என்றார். தூக்கத்தில் குப்புறப் படுத்தாலே போதுமாம்.

பிறகு அவர் சொன்னதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். இன்றைக்கும் முற்றிய புரைகளில் லென்ஸ் பின்னால் விழுவது உண்டு. இப்போது அதற்குப் பெயர் விபத்து. லென்ஸைச் சுற்றி ஒரு பை. பின்பக்கத்தில் அது மிக மெல்லிசு. உடைக்கும்போது அது கிழிந்தால் உள்ளிருக்கும் கெட்டிக் கரு மூழ்கத் தொடங்கும். முழுசாக விழுமுன், வெள்ளைவிழி வழியாக ஒரு மெல்லிய கோலை விட்டு, கருவுக்கு அடியில் கொடுத்து மேலே நெம்பிக் கொண்டுவருவார்கள். 1967இல் ஒலியதிர்வு முறையைத் தொடங்கிவைத்த அமெரிக்கர் சார்லஸ் கெல்மன் சொன்ன உத்தி இது. பல்லில் படிந்த காறையை நீக்கும் கருவியைப் பார்த்துத்தான் அந்த ஒலியதிர்வு யோசனையே அவருக்கு வந்ததாம். கோல் நுழையும் இடம் எது என்று கேட்டேன். கருவிழி ஓரத்திலிருந்து மூன்றரை மில்லிமீட்டர் பின்னால். அங்கே விழித்திரையும் இல்லை, பெரிய ரத்தக் குழாயும் இல்லை. ரத்தக் குழாயை விலக்கி, கடைக்கண் பக்கமாக வெள்ளைவிழியில் குத்து என்று பழைய ஆயுர்வேத நூலான சுசுருதம் சொல்வதும் ஏறக்குறைய அதே இடம். திண்ணை வைத்தியர் வாசலைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார். உள்ளே போய் மேலே தூக்குவதற்குப் பதில் கீழே தள்ளினார், அவ்வளவுதான்.

பையே இல்லாமல் போன கண்ணில் செயற்கை லென்ஸை எங்கே மாட்டுவது? அதற்கு விடை சென்னையிலிருந்து வந்தது. 2007 டிசம்பரில் அமர் அகர்வால் செய்துகாட்டிய முறையில், வெள்ளைவிழியில் எதிரெதிராக இரண்டு மெல்லிய மடல்களைத் தூக்கி, லென்ஸின் இரு கைகளையும் வெளியே இழுத்துச் சுவருக்குள் செருகி, ரத்தம் உறையவைக்கும் புரதத்தால் ஆன பசையால் மடலை ஒட்டிவிடுவார்கள். தையல் வேண்டியதில்லை.

அம்மாவுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் அறுவை நாளில் டாக்டரம்மா எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் இருந்தார். நார்கள் தளர்ந்திருந்தால் பைக்குள் வைக்க ஒரு வளையம் எடுத்துவைத்திருந்தார். 1990களில் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் உருவான சின்ன வளையம் அது. உள்ளிருந்து பையை விரித்துப் பிடித்துக்கொள்ளும். வெளியே டிவியில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரை முழுக்க ஒரே வெள்ளை. பாலில் ஆடையை எப்படிப் பிரித்தறிவது? நீலச் சாயம் ஒரு துளி உள்ளே போனது. 1999இல் நெதர்லாந்துக்காரர் மெல்லஸ் சொன்ன சாயம். கழுவி எடுத்ததும் பை மட்டும் நீலம். இங்கேதான் ஆபத்து. உள்ளே பால் பொங்கி அழுத்தத்தோடு நிற்கும்போது, தொட்டதும் பை இரு பக்கமும் கிழிந்து ஓடிவிடலாம். நீலம், நடுவில் வெள்ளைப் பட்டை, மறுபடி நீலம்: மருத்துவர்கள் அதை அர்ஜென்டினா கொடி என்பார்கள். கொடி ஏறினால் கதை கந்தல். டாக்டரம்மா முதலில் ஊசியால் பாலை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்தார். அப்புறம் இடுக்கியால் நீலத்தின் ஓரத்தைப் பிடித்து, வாழைப்பூ மடலை உரிப்பது போல அவசரப்படாமல் வட்டமாகக் கிழித்துக்கொண்டே போய், தொடங்கிய இடத்தில் சேர்த்தார். நான் அதுவரை மூச்சு விட்டேனா என்று ஞாபகமில்லை. வளையம் தேவைப்படவில்லை.

மறுநாள் கட்டு அவிழ்த்தபோது யாரும் விரலைக் காட்டவில்லை. எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். சொட்டு மருந்துச் சீட்டைக் கொடுத்த நர்ஸ், “கொஞ்ச நாளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாது, குனியக் கூடாதும்மா” என்றார்.

ஆரம்பாக்கத்தில் ரயிலை விட்டு இறங்கும்போது அம்மாவின் பர்ஸ் கீழே விழுந்தது. எடுக்கக் குனியப் போனவர் பாதியில் நின்று, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, என்னைப் பார்த்தார்.

“எடுத்துக் குடு. இந்த ஊருல இனிமே எனக்கும் அந்தப் பேருதான்.”