புல்லட்: பெயர் மாறாமல் உறுப்புகள் மாறிய கதை

சென்னை திருவொற்றியூரில் 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் புகழ்பெற்ற மோட்டார் சைக்கிள் புல்லட் 350 ஆகும். இதன் எஞ்சின் கொள்ளளவு 346 சி.சி. சிலிண்டரின் உள்விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 90 மி.மீ. 2023-ல் 349 சி.சி. எஞ்சின் வரும்வரை இந்த அளவுகள் மாறவில்லை. ஆனால் அதே அளவுகளுக்குள் உறுப்புகள் பலமுறை மாறின.

இரு ஊர், இரு புல்லட்

இந்திய இராணுவத்தின் தேவைக்காக, இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்து பாகங்கள் வந்து சென்னையில் பூட்டப்பட்டன. பின்னர் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. ரெட்டிச்சில் எரியூட்டும் அமைப்பு முதலியவை மாற்றப்பட்டபோதும், சென்னையில் 1955-ஆம் ஆண்டின் வடிவமே தொடர்ந்தது. ஒரே பெயரில் இரு கிளைகள் உருவாயின. ஒன்றின் உதிரிப் பாகம் மற்றதற்குப் பொருந்தும் என்ற உறுதி இல்லாமல் போயிற்று.

எஞ்சினும் கியர்பெட்டியும்

பழைய புல்லட்டில் வார்ப்பிரும்புச் சிலிண்டரும், எஞ்சினிலிருந்து தனியான நான்கு கியர் பெட்டியும் இருந்தன. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும். பின்னர் வந்த ஐந்து கியர் பெட்டியில் கியர் இடப்பக்கம் சென்றது. முதல் கியருக்குக் கீழே மிதிக்க வேண்டும்.

ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத்தின் துணையுடன் அலுமினியச் சிலிண்டர் எஞ்சின் வந்தது. 2008 முதல் எஞ்சினும் கியர்பெட்டியும் ஒரே கூட்டினுள் அமைந்தன. முன்பு எஞ்சின், கிளட்ச் பக்கம், கியர்பெட்டி மூன்றுக்கும் தனித்தனி மசகு தேவைப்பட்டது; இப்போது ஒரே ஆயில் போதும். இம்மூன்று வகை எஞ்சின்களும் 346 சி.சி.தான்.

அறிவிப்பின்றி வந்த மாற்றங்கள்

இவை பலரும் அறிந்த பெரிய மாற்றங்கள். எந்தத் தொழிற்சாலையிலும் உற்பத்தி நடக்கும்போதே சிறு மாற்றங்களும் நுழையும். பாகம் தரும் நிறுவனம் மாறலாம். உலோகக் கலவை மாறலாம். அடிக்கடி தேயும் உறுப்பு திருத்தப்படலாம். மாடலின் பெயர் மாறாததால் வண்டி உரிமையாளருக்கு இது தெரிவதில்லை. அங்குல அளவு மரைகள் இருந்த இடத்தில் மெட்ரிக் மரைகள் வந்தன. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் போல்ட்டை மாற்றி முறுக்கினால் மரை அழிந்துவிடும்.

ஆகவே அனுபவமுள்ள மெக்கானிக்குகள் மாடல் பெயரை மட்டும் நம்புவதில்லை. எஞ்சின் எண்ணைப் பார்ப்பார்கள். கழற்றிய பாகத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, பற்களை எண்ணி, வெர்னியர் அளவியால் அளந்த பிறகே பூட்டுவார்கள்.

இந்த எச்சரிக்கையின் அருமை மலைச்சாலையில் விளங்கும். நாமக்கல் மாவட்டத்தில் செம்மேட்டுக்கு ஏறும் கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல், குறைந்த கியரில் எஞ்சினைக் கொண்டே வேகத்தை அடக்க வேண்டும். பொருந்தாத கியரோ கிளட்ச் தகடோ அங்கே நழுவினால் உயிருக்கே ஆபத்து.

பழைய உதிரிப்பாகப் பட்டியல்களையும் பணிமனைக் கையேடுகளையும் ஆண்டுவாரியாகப் பாதுகாப்பது இதனால் அவசியமாகிறது. பட்டியலில் ஏறாத மாற்றங்கள் மெக்கானிக்குகளின் நினைவில் மட்டுமே உள்ளன. அவர்கள் ஓய்வு பெறும் முன்னர் கேட்டு எழுதிவைத்தால், அது தமிழ்நாட்டுத் தொழில் வரலாற்றின் ஒரு பகுதியாக நிலைக்கும்.