பரந்த சீழ்க்கொப்புளச் சொரியாசிஸ்
தோல் உடலெங்கும் சிவந்து, அதன்மேல் குண்டூசித் தலையளவு மஞ்சள் கொப்புளங்கள் விரைவில் எழுந்து, ஒன்றோடொன்று கலந்து உரிந்துபோகும் இவ்வரிய நோயை 1910இல் தோல்நோய் மருத்துவர் லியோ ஃபொன் சும்புஷ் விவரித்தார். காய்ச்சலும் சீழும் தொற்று என்று எண்ணத் தூண்டினாலும், கொப்புளத்தை நிரப்புபவை நியூட்ரோபில் எனப்படும் வெண்குருதிக் கலங்களே என்பதால், அதன் நீரை வளர்ப்புச் சோதனைக்கு இட்டால் கிருமி வளர்வதில்லை; மேற்றோலில் அக்கலங்கள் திரண்டிருப்பதை இழையப் பரிசோதனை காட்டும். மருந்தொவ்வாமையால் எழும் ஒத்த கொப்புளங்களோ அம்மருந்தை நிறுத்தியபின் பொதுவாக இரு வாரங்களுக்குள் அடங்கிவிடும்.

தொற்று, கர்ப்பம், குருதியில் கல்சியக் குறைவு ஆகியன நோயைத் தூண்டலாம். எனினும் உட்கொண்டுவந்த ஸ்டீரொயிட் மாத்திரையைத் திடீரென நிறுத்துவதே தவிர்க்கக்கூடிய காரணங்களுள் முதன்மையானது; அதுபற்றி எத்தனை முறை எச்சரித்தாலும் தகும். அளவெட்டி போன்ற யாழ்ப்பாணத்து வலிகாமக் கிராமமொன்றில் இத்தகைய நோயாளர் காணப்படின், வீட்டில் களிம்பு பூசிக் காத்திராமல், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை போன்ற பெரிய வைத்தியசாலைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். ஏனெனில் உரிந்த தோலினூடே நீரும் புரதமும் வெப்பமும் இழக்கப்பட, இதயமும் சிறுநீரகமும் தளரக்கூடும்.

நீரிழப்பை ஈடுசெய்வதுடன் அசிட்ரெட்டின், சைக்ளோஸ்போரின், மெத்தோட்ரெக்சேட் ஆகியவற்றுள் ஒன்று வழங்கப்படுகிறது. முதலாவதும் மூன்றாவதும் கருவைச் சிதைப்பவையாதலால் கர்ப்பிணிகளுக்கு ஆகா. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-36 சமிக்ஞையை அடக்கும் மரபணுவின் பிறழ்வு சில நோயாளரிடம் 2011இல் கண்டறியப்பட்டதன் தொடர்ச்சியாக, அச்சமிக்ஞையைத் தடுக்கும் ஸ்பெசோலிமாப் என்ற மருந்து 2022இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது.