தூசு விழும் திசை

ஈ உட்கார்ந்து எழுந்துபோன இடத்தில் மிஞ்சும் கரும்புள்ளியைக் கையாலேயே வைத்துவிடலாம். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, கருப்புப் பொடி கொஞ்சம் கலந்து, பழைய டூத் பிரஷ்ஷின் நுனியை அதில் தோய்க்க வேண்டும். பிறகு முட்களைக் கட்டைவிரலால் இழுத்துவிட்டால் புள்ளிகள் தெறிக்கும். ஒரே அளவில், ஒரே இடைவெளியில் விழுந்தால் பார்த்தவுடன் குட்டு வெளிப்பட்டுவிடும். கை தாறுமாறாக அசைய வேண்டும். தங்கப் பூச்சுள்ள படச்சட்டத்துக்குப் பழமை ஏற்றுகிறவர்கள் கடைசியாகச் செய்யும் வேலை இது. அந்த அரக்கோ பெரும்பாலும் வங்காளத்திலும் சோட்டா நாக்பூரிலும் மரக்கிளைகளில் பூச்சி கட்டியது. ஒரு பூச்சியின் சுரப்பை வைத்து இன்னொரு பூச்சியின் எச்சத்தை வரைகிறார்கள்.

புதுத் தங்கத்தை இப்படி அழுக்காக்க ஒருவர் ஏன் மெனக்கெட வேண்டும்? அதற்கு முதலில் அந்தத் தங்கம் எப்படி மரத்தில் ஏறியது என்று பார்க்க வேண்டும்.

1400ஆம் ஆண்டை ஒட்டி சென்னினோ சென்னினி என்ற இத்தாலிய ஓவியர் ஒரு தொழில் கையேடு எழுதினார். மரத்தின் மேல் முதலில் தோல் துண்டுகளைக் காய்ச்சி எடுத்த வச்சிரம். அதன் மேல் ஜிப்சம் சுண்ணத்தை வச்சிரத்தில் குழைத்த மக்கு. முதலில் நறநறப்பான மக்கு, பிறகு மெல்லியது. மெல்லிய மக்குக்கான சுண்ணத்தை ஏறக்குறைய ஒரு மாதம் தண்ணீரில் ஊறப்போட்டுத் தினமும் கிளறிவிட வேண்டும். அப்போதுதான் இறுகும் குணம் போய்ப் பட்டுப்போல ஆகும். அதை எட்டுத் தடவையாவது பூசிச் சுரண்டி வழவழப்பாக்கிய பிறகு, ஆர்மீனியச் செம்மண்ணை முட்டை வெள்ளைக்கருவில் கலந்து பூசுவார்கள். அந்தச் செம்மண்ணைத் தண்ணீரால் நனைத்து, அதன் மேல் தங்க ரேக்கை மிதக்கவிட்டு உட்கார வைப்பார்கள். ஈரம் போவதற்கும் முழுக்கக் காய்வதற்கும் நடுவே உள்ள பதத்தில் மெருகு தேய்க்க வேண்டும். தேய்க்கக் கல் இல்லையென்றால் பல் போதும் என்கிறார் சென்னினி: நாய், ஓநாய், சிங்கம், சிறுத்தை, பூனை என்று இறைச்சி தின்னும் எந்தப் பிராணியின் பல்லும் ஆகும். தஞ்சாவூர்ப் படத்துக்கு மக்கு வைத்து ரேக்கு ஒட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த அடுக்குமுறை அந்நியமாகப் படாது.

அந்தக் கையேட்டிலேயே ஒரு முணுமுணுப்பும் இருக்கிறது. ஒரு டுகாட் பொற்காசைத் தட்டி 145 ரேக்கு எடுக்கிறார்களாம். சமதளத்தில் ஒட்டும் தங்கத்துக்கு 100க்கு மேல் எடுக்கக் கூடாது என்கிறார் சென்னினி. டுகாட் காசின் எடையே மூன்றரை கிராம் சொச்சம். அதை நூறாகப் பிரித்தாலும் ஒரு ரேக்கு எவ்வளவு மெலிசாக இருக்கும்! அதனால்தான் நூறு வருஷம் துணியால் தூசு தட்டியே அந்தத் தங்கம் தேய்கிறது. செதுக்கு வேலையில் எங்கெல்லாம் மேடு இருக்கிறதோ அங்கெல்லாம் அடியில் இருக்கும் செம்மண் எட்டிப்பார்க்கிறது. மெழுகுவத்திப் புகை பள்ளங்களில் படிகிறது. பளபளவென்று கண்ணைக் கூசவைத்த தங்கம் தேன் நிறத்துக்கு இறங்குகிறது. செய்தவருக்கு இது சேதம். பல தலைமுறை கழித்து வாங்க வந்தவருக்கு இதுவே அழகு, அதைவிட முக்கியமாக, இதுவே சான்றிதழ்.

பழைய சட்டங்களுக்கு இப்படி ஒரு தேவை எழுந்ததற்கு ரம்பமும் ஒரு காரணம். பதினான்காம் நூற்றாண்டு இத்தாலியில் படமும் சட்டமும் வேறுவேறு பொருட்கள் அல்ல. தச்சர் பலகையோடு சேர்த்துச் சட்டத்தையும் அடித்துக் கொடுப்பார்; மக்கும் தங்கமும் இரண்டின் மேலும் ஒரே சமயத்தில் ஏறும்; அதன் பிறகுதான் ஓவியர் முகங்களை வரைவார். சியனா நகரப் பேராலயத்துக்கு தூச்சோ வரைந்த ‘மயெஸ்தா’ என்ற மாபெரும் பீடப்படம் அப்படிப்பட்டது. 1311 ஜூன் 9 அன்று ஊரே ஊர்வலமாகத் திரண்டு அதைக் கொண்டுபோய்ப் பீடத்தில் ஏற்றியது. 1506இல் அது முதன்மைப் பீடத்திலிருந்து இறங்கியது. 1771இல் ரம்பத்தால் துண்டு போட்டார்கள். இன்று அதன் சிறு பலகைகள் லண்டனிலும் நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் சிதறிக் கிடக்கின்றன. நெப்போலியன் காலத்தில் மடங்களும் ஆலயங்களும் கலைக்கப்பட்டபோது இதே கதி நூற்றுக்கணக்கான பீடப்படங்களுக்கு வந்தது. சாமி படம் சந்தைக்கு வந்தது. சட்டம் விறகுக்கோ பரணுக்கோ போனது.

துண்டாகி வந்த பலகையை வெறும் பலகையாக விற்க முடியாது. செல்வந்தர் வீட்டு வரவேற்பறையில் அது பழைய சட்டத்தோடு, அதே வயசுள்ள சட்டத்தோடு, தொங்க வேண்டும். ஃபிளாரன்ஸின் வியாபாரி ஸ்தெஃபானோ பார்தீனிக்கு இது நன்றாகத் தெரியும். ஓவியம் படித்துவிட்டு வியாபாரத்துக்கு வந்தவர் அவர். 1881இல் கைவிடப்பட்ட ஓர் ஆலயத்தை வாங்கி மாளிகையாக மாற்றி, சுவர்களுக்கு அடர் நீலம் பூசி, அதன் மேல் தங்கமும் மரமும் எடுப்பாகத் தெரியும்படி சரக்கை அடுக்கினார். அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஸ்டான்ஃபோர்ட் ஒயிட் போன்றவர்கள் அங்கே வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். வாங்குகிறவர்கள் கூடக்கூட அசல் குறைந்தது. 1909இல் இத்தாலி கலைப்பொருள் ஏற்றுமதிக்குச் சட்டம் போட்டது. அசல் நாட்டை விட்டு வெளியேறுவது கடினமானால் அந்த இடத்தை எது நிரப்பும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த இடத்தை ரசித்து நிரப்பியவர்களில் முதல் ஆள் சியனாவின் இசிலியோ ஃபெதெரீகோ யோனி. 1866இல் பிறந்தவர், குழந்தையாக சாந்தா மரியா தெல்லா ஸ்காலா என்ற ஊர் மருத்துவமனையின் அனாதைப் பிரிவில் விடப்பட்டவர். சிறுவயதில் தங்கம் ஒட்டும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் தங்கம், பிறகுதான் ஓவியம். போலி வரைகிறவர்களில் பலர் முகத்தை நன்றாக வரைந்து ஓரத்தில் மாட்டிக்கொள்வார்கள். யோனிக்கு ஓரம்தான் தாய்மொழி. மக்கு எப்படி வெடிக்கும், செம்மண் எந்த இடத்தில் எட்டிப்பார்க்கும், பழைய பூச்சுக்கு எந்த மஞ்சள் வரும் என்பதெல்லாம் சட்டங்களைப் பழுதுபார்த்தே கைவந்தது.

அவர் பேர் வாங்கியது கணக்குப் புத்தக அட்டைகளில். மத்திய காலத்தில் சியனா நகராட்சியின் கருவூலத்துக்கு பிக்கெர்னா என்று பெயர். அதன் கணக்கேடுகளுக்கு மரப்பலகையில் அட்டை போட்டு, ஓவியம் வரைவிக்கும் வழக்கம் 1258 முதல் உண்டு. அசல் அட்டைகள் ஊர் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. யோனி செய்த அட்டைகளும் பல கைகள் மாறி உலகம் சுற்றின. 1904இல் சியனாவில் பழைய சியனா ஓவியங்களின் பெரிய கண்காட்சி நடந்தது. அதே ஆண்டு லண்டனிலும் ஒன்று. அதுவரை ஃபிளாரன்ஸுக்குப் பின்னால் நின்ற சியனா ஓவியத்துக்குத் திடீரென்று கிராக்கி வந்தது. பெரும் நிபுணர் பெர்னார்ட் பெரென்சனே யோனியின் கைவேலையில் ஏமாந்தார். உண்மை தெரிந்ததும் சியனாவுக்கு வந்து ஆளைத் தேடிப்பிடித்துப் பார்த்தார்.

யோனி தன் வேலைகள் சிலவற்றில் சில எழுத்துகளை வைப்பதுண்டு. ஆறு இத்தாலியச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. நேரடிப் பொருளை இங்கே அச்சிட முடியாது. நாகரிகமாகச் சொன்னால், ‘அடுத்தவன் தலையில் மிளகாய் அரைப்பதற்கு’. 1932இல் தன்வரலாறும் எழுதினார். ‘பழைய படங்களின் ஓவியர் ஒருவரின் நினைவுகள்’ என்பது தலைப்பு. பழைய படம் என்றால் பழசாக இருக்கும் படமா, பழசாகவே வரையப்பட்ட படமா? அந்தக் குறும்பிலேயே புத்தகம் நடக்கிறது. வருந்தியதற்கான அடையாளம் அதில் கிடையாது.

ஆனால் பழசாக்கும் வித்தையில் ஜெயிப்பதற்குத் தூசைப் புரிந்துகொள்ள வேண்டும். தூசுக்குத் திசை உண்டு. சுவரில் தொங்கும் சட்டத்தின் கீழ்க்கட்டையில், மேல்நோக்கிய முகத்தில் அது படிந்துகொண்டே இருக்கும். மேல்கட்டையின் உட்புறம் கீழே பார்ப்பதால் அங்கே தங்கம் ஏறக்குறைய புதுசாகவே இருக்கும். தூசு தட்டும் கை எட்டுகிற கீழ்க்கட்டையில் தேய்மானம் அதிகம். எட்டாத மேல் மூலையில் குறைவு. தூக்கி மாட்டுகிறவர்கள் பிடிக்கும் இடம் பக்கக் கட்டைகள். அவசரக்காரர் நாலு கட்டையையும் மேசையில் கிடத்தி, நுரைக்கல் பொடியால் எல்லா மேட்டையும் ஒரே சீராகத் தேய்த்துவிடுவார். அசல் சட்டத்தில் அழுக்குகூட ஒருபக்கச் சார்புள்ளது.

உளுத்த துளைகளின் கதை இன்னும் ருசியானது. மரவண்டின் புழு உள்ளே வருஷக்கணக்கில் வளைந்து வளைந்து தின்று, கடைசியில் வண்டாகி ஒரு துளை போட்டு வெளியேறும். அந்தத் துளை வட்டமானது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம். துரப்பணத்தால் போட்ட துளையில் குண்டூசி நேராக இறங்கும். வண்டு போட்டதில் கொஞ்ச தூரத்திலேயே வளைவில் முட்டும். இது தெரிந்த போலிக்காரர் துளையே போடமாட்டார். உளுத்துப்போன பழைய உத்தரத்தையோ அலமாரிப் பலகையையோ வாங்கி அறுப்பார். அங்கேதான் இன்னொரு பொறி. அறுத்தவுடன் உள்ளே இருந்த சுரங்கங்கள் நெடுக்குவாட்டில் திறந்து, மேற்பரப்பில் வாய்க்காலாகத் தெரியும். உயிரோடிருக்கும் வண்டு மேற்பரப்பில் வாய்க்கால் வெட்டாது. மக்கு பூசி மூடிவிடலாம்தான். ஆனால் வாய்க்காலுக்குள் இறங்கிய மக்கு எக்ஸ்-ரே படத்தில் வெள்ளைப் புழு மாதிரி நெளிந்து நிற்கும். மரம் உளுத்த பிறகே மக்கு ஏறியது என்பதற்கு அதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டியதில்லை.

பழமைப் பூச்சு என்றாலே மோசடி என்று நினைத்துவிடக் கூடாது. 1903இல் ஓவியர் ஹெர்மன் டட்லி மர்ஃபி மாசசூசெட்ஸில் ‘கேரிக்-ரோஹேன்’ என்ற பெயரில் சட்டப் பட்டறை தொடங்கினார். சார்ல்ஸ் பிரென்டர்காஸ்டும் அந்த வட்டாரத்தில் செதுக்கியவர். அவர்களும் இத்தாலியச் சட்டங்களைப் பார்த்தே கற்றார்கள்; மேடுகளைத் தேய்த்துச் செம்மண் தெரியவிட்டார்கள்; தங்கத்தின் மேல் சாம்பல் பூச்சு கொடுத்து அடக்கினார்கள். ஒரே வித்தியாசம், பின்பக்கம் திருப்பினால் பட்டறையின் முத்திரையும் ஆண்டும் இருக்கும். அதே நுரைக்கல், அதே மண்பொடி, அதே மணிக்கட்டு. யோனியின் பலகைக்கும் மர்ஃபியின் சட்டத்துக்கும் நடுவே இருக்கும் கோடு அந்த முதுகில்தான்.

அமெரிக்கர்களுக்கு உளுத்த மரம் பின்னால் சும்மாவே கிடைத்தது, வேதனையான வழியில். 1904இல் நியூயார்க் பிராங்ஸ் விலங்குக்காட்சி சாலையில் செஸ்ட்நட் மரங்களைத் தாக்கும் ஒரு பூஞ்சை நோய் தென்பட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் 300 முதல் 400 கோடி மரங்கள் செத்தன என்பது மதிப்பீடு. செத்த மரங்கள் நின்றபடியே இருக்க, பூச்சிகள் துளைத்துத் தின்றன. அந்தப் பலகையை அறுத்துப் படச்சட்டம் செய்வது மோஸ்தராயிற்று. நிஜமான துளை, நிஜமான சிதைவு, ஆனால் புதுச் சட்டம். காட்டின் சாவு ஓவியத்தைச் சுற்றி அலங்காரமாகத் தொங்கியது.

இதைவிட விசித்திரம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாரிஸிலும் நியூயார்க்கிலும் நடந்தது. நவீன ஓவியங்களுக்குத் தங்கம் ஆகாது, ஆனால் பழமை வேண்டும் என்ற ரசனை வந்தது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு அசல் சட்டங்களை எடுத்து, தங்கத்தைச் சுரண்டி, மக்கும் மரமும் தெரியவிட்டு, சாம்பல் வெள்ளை தடவினார்கள். இருநூறு முந்நூறு வருஷத்து நிஜமான பழமையை உரித்து எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பிற்பகலில் செய்த பழமையைப் பூசினார்கள். யோனி பொய்யாக எதையாவது சேர்த்தார்; இவர்கள் உண்மையாக இருந்ததைக் கழித்தார்கள். இரண்டில் எது பெரிய சேதம் என்று கேட்டால் இவர்கள் கழித்ததுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

யோனி 1946இல் இறந்தார். அவர் வளர்ந்த அதே சியனாவில் 1906இல் பிறந்தவர் செசாரே பிராந்தி. 1939இல் ரோமில் தொடங்கிய மத்தியச் சீரமைப்பு நிறுவனத்தின் முதல் இயக்குநர். பழுதான ஓவியத்தில் விட்டுப்போன இடத்தை நிரப்ப அவர் காலத்தில் ஒரு முறை உருவானது. மெல்லிய செங்குத்துக் கோடுகளாக நிறத்தை வைப்பார்கள். தள்ளி நின்றால் கோடுகள் கலந்து படம் முழுசாகத் தெரியும். கிட்டே போனால் கோடு கோடாகப் பிரிந்து, இங்கே பிற்காலக் கை பட்டிருக்கிறது என்று தானே சொல்லிவிடும். 2004இல் சியனா நகரம் யோனியின் போலிகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. நடந்த இடம் சாந்தா மரியா தெல்லா ஸ்காலா. அவரைக் குழந்தையாக விட்டுப்போன மருத்துவமனை இப்போது அருங்காட்சியகம்.

சுரண்டப்பட்ட சட்டங்கள் இன்றும் சீரமைப்புப் பட்டறைகளுக்கு வருகின்றன. பூதக்கண்ணாடியை வைத்து இலைச் செதுக்கின் இடுக்குகளில் தேடுகிறார்கள். சுரண்டுகோல் எட்டாத ஆழத்தில் ஒரு மினுக்கு தங்கம் தப்பியிருக்கும். அதைப் பார்த்து நிறத்தை அளந்துகொண்டு வச்சிரம் காய்ச்சுகிறார்கள், மக்கு பூசுகிறார்கள், செம்மண், ரேக்கு, மெருகு என்று எல்லாம் முதலிலிருந்து. எல்லாம் முடிந்து சட்டம் தகதகவென்று நிற்கும்போது, நுரைக்கல் பொடியைத் துணியில் தொட்டுக்கொண்டு கீழ்க்கட்டையிலிருந்து தேய்க்கத் தொடங்குகிறார்கள்.