ரேடாரை முடக்கிய எதிரி யார்?

1942 பிப்ரவரி 12. ஜெர்மனியின் போர்க்கப்பல்கள் பட்டப்பகலில் இங்கிலீஷ் கால்வாய் வழியா தப்பிச்சுப் போயிடுச்சு. பிரிட்டிஷ் ரேடார்களை ஜெர்மன்காரர்கள் இரைச்சலால் முடக்கியதும் ஒரு காரணம்.

ரெண்டே வாரம். பிப்ரவரி 27, 28 தேதிகளில் பல ஊர்களில் விமான எதிர்ப்பு ரேடார்கள் மறுபடி இரைச்சலில் மூழ்கின. அடுத்து என்னவோன்னு எல்லாருக்கும் வயித்துல புளியைக் கரைச்சது. ஆனா ஒரு விமானமும் வரலை!

விசாரிக்கும் வேலை ஜேம்ஸ் ஸ்டான்லி ஹே என்ற இயற்பியலாளருக்கு. வந்த அறிக்கைகளை ஒப்பிட்டுப் பார்த்தார். எந்த ஊர் ரேடாரானாலும் இரைச்சல் வந்தது சூரியன் இருந்த திசையிலிருந்து. கிரீன்விச் வானாய்வகத்தைக் கேட்டால், சூரியனின் நடுப்பகுதியில் பெரிய கரும்புள்ளிக் கூட்டம் என்றார்கள். அவ்வளவுதான், ஆள் சிக்கிட்டார்! போர் ரகசியம் என்பதால் 1946-ல்தான் 'நேச்சர்' இதழில் இதை எழுத முடிந்தது.

சரி, இதனால என்ன லாபம்னு கேட்கறீங்களா? 1967 மே 23-க்கு வாங்க. அலாஸ்கா, கிரீன்லாந்து, இங்கிலாந்து மூன்று இடத்திலும் அமெரிக்காவின் ஏவுகணை எச்சரிக்கை ரேடார்கள் ஒரே நேரத்தில் முடங்கின. சோவியத் தாக்குதலுக்கு முன்னோட்டமோ என்று சந்தேகம். அணுகுண்டு விமானங்கள் வரை பேச்சு போயிடுச்சு. நல்லவேளை, அதற்குள் சூரியனைத் தினமும் கண்காணிக்க விமானப்படை ஆள் போட்டிருந்தது. 'இது சூரியனோட வேலை'ங்கற தகவல் நேரத்துக்கு மேலே போய்ச் சேர்ந்தது.

வானிலை ஆராய்ச்சி உயிர் காக்கும்னு தெரியும். விண்வெளி வானிலை ஒரு போரையே தடுத்திருக்கலாம்னு நினைச்சா, கொஞ்சம் உதறத்தான் செய்யுது.