ஐந்து எழுத்துகள் பதுளைக்கு வந்த வழி

1976 பெப்ரவரி 17ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு வயலில் சிறிய விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியது. ஓட்டி வந்தவர் ஜேம்ஸ் ஸ்டைனர், எலும்புச் சத்திரசிகிச்சை வைத்தியர். மனைவி இறந்துபோனார். நான்கு பிள்ளைகளில் மூவருக்குத் தலையில் பலத்த அடி. குளிரில் பல மணி நேரம் காத்துக் கிடந்து, கடைசியில் தெருவுக்கு நடந்துபோய் ஒரு காரை மறித்து, பிள்ளைகளைப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அங்கிருந்தவர்களுக்கு எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்று தெரியவில்லை. இருட்டில் வெறுங்கையோடு தான் செய்த வைத்தியமே அதைவிட மேல் என்று அவர் மனம் கொதித்தார்.

அந்தக் கொதிப்பிலிருந்து பிறந்ததுதான் இன்று பதுளை வரை வந்திருக்கும் ஒரு வரிசை: ஏ, பி, சி, டி, இ. ஏ என்றால் மூச்சுப்பாதை அடைபடாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. பி, மூச்சு. சி, இரத்த ஓட்டம். டி, நினைவு. இ, போர்வையை விலக்கி உடம்பு முழுவதையும் பார்ப்பது. முதல் மூன்று எழுத்துகளை பீட்டர் சஃபார் 1950களிலேயே உயிர்மீட்புப் பாடமாக்கியிருந்தார். ஸ்டைனரும் அவருடைய தோழர்களும் அவற்றைக் காயப்பட்டவருக்கான சட்டமாக்கினார்கள். எது முந்திக் கொல்லுமோ அதையே முதலில் பார்க்க வேண்டும். கண்ட குறையைச் சரிசெய்யாமல் அடுத்த எழுத்துக்குப் போகக் கூடாது. 1978இல் ஓபர்ன் என்ற சிற்றூரில் முதல் வகுப்பு நடந்தது. 1980இல் அமெரிக்கச் சத்திரசிகிச்சை வைத்தியர் கல்லூரி அதைத் தன் பாடமாக ஏற்றுக்கொண்டது.

விபத்தில் வந்தவருக்கான வரிசை சத்திரசிகிச்சை விடுதிக்குள் நுழைய இன்னும் இருபது ஆண்டு பிடித்தது. சத்திரசிகிச்சை முடிந்த நோயாளி திடீரென்று மோசமாகிவிட்டார் என்று நாம் சொல்வது வழக்கம். பெரும்பாலும் அது திடீரென்று நடப்பதில்லை. மயாமியில் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இதயம் நின்றுபோன 64 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 1990இல் வெளியிட்டார்கள். அவர்களில் 54 பேருக்கு, முந்திய எட்டு மணி நேரத்துக்குள்ளேயே உடல்நிலை சரிந்து வந்தது எழுத்திலேயே இருந்தது. யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்து எவரும் எழுந்து ஓடவில்லை. 1990களின் பிற்பகுதியில் லண்டனில் உள்ள இங்கிலாந்து அரச சத்திரசிகிச்சைக் கல்லூரி, கடும் நிலையில் உள்ள சத்திரசிகிச்சை நோயாளிகளுக்கென்றே ஒரு பயிற்சியை உருவாக்கியபோது அந்த ஐந்து எழுத்துகளையே வாசற்படியாக வைத்தது. ஏ முதல் இ வரை பார்த்து உயிரை நிலைநிறுத்து. பிறகு பதிவுத் தாள்களைப் புரட்டி, நோயாளியை முழுதாகப் பரிசோதி. தேறி வருகிறாரா, சரிகிறாரா என்று தீர்மானி. சந்தேகம் என்றால் பெரியவரைக் கூப்பிடு. இளம் வைத்தியருக்கு இந்தக் கடைசிப் பாடம்தான் மிகவும் கடினம் என்று நான் நினைக்கிறேன்.

இலங்கைக்கு இந்த எழுத்துகள் பல வழிகளில் வந்தன. என் மனதுக்கு நெருக்கமானது உள்ளகப் பயிற்சிக்குக் காத்திருந்த இளம் வைத்தியர்கள் கொண்டுவந்த வழி. நம் நாட்டில் மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் நியமனம் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பது தெரிந்த கதை. அந்தக் காலத்தைப் பயன்படுத்தி, ‘குட் இன்டேர்ன்’ திட்டத்தின் ஒரு பகுதியாக இரண்டு நாள் பயிற்சி ஒன்று வகுக்கப்பட்டது. மருத்துவ, சத்திரசிகிச்சை அவசர நிலைகளைக் கண்டுபிடித்துக் கையாள்வதே பாடம். அதை நடத்தியவர்கள் பேராசிரியர்கள் அல்லர். நியமனத்துக்குக் காத்திருந்த எட்டுப் பேர். நான்கு மாதத்தில் 17 வகுப்புகள், 320 பேர். அதன் முடிவுகள் 2017இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தன. தன்னோடு படித்தவனே முன்னால் நின்று சொல்லிக் கொடுக்கும்போது, தெரியாது என்று சொல்ல வெட்கம் இராது.

ஊவாவிலேயே நடந்த இன்னொரு வேலையும் உண்டு. மொனராகலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் 16,386 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். அனுமதிக்கும் நேரத்தில் நாடித்துடிப்பு நூற்றுக்கு 91 பேருக்கு எழுதப்பட்டிருந்தது. ஒட்சிசன் அளவு 24 பேருக்குத்தான். பி என்ற எழுத்தின் பாதிக் கதை தாளிலேயே இல்லை. ஆசிய நாடுகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வின்படி இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 2.3 தீவிர சிகிச்சைக் கட்டில்களே உள்ளன. ஆகவே கடும் நோயாளிகள் பலர் சாதாரண விடுதியில்தான் கிடக்கிறார்கள்.

தெமோதரைத் தோட்டத்தில் ஒருவருக்குக் குடல்வால் வெடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முன்பென்றால் தோட்ட லொறி. இப்போது 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடிக்கலாம். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 முதல் மற்ற மாகாணங்களுக்கும் விரிந்த சேவை அது. அதன் முதல் ஊழியர்கள் ஹைதராபாத்தில் பயிற்சி பெற்றவர்கள். பதுளையில் சத்திரசிகிச்சை நல்லபடி முடிகிறது. இரண்டாம் இரவு. பிரஷர் சரியாக இருக்கிறது. ஆனால் பிரஷரை மட்டும் நம்ப முடியாது. உடம்பு இழப்பை மறைத்து மறைத்துக் கடைசியில்தான் அதைக் கைவிடும். மூச்சு அப்படி மறைக்காது. மணிக்கூட்டைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். இருபத்தெட்டு என்று வந்தால் அந்த வைத்தியர் அந்தக் கட்டிலை விட்டு நகரக் கூடாது.

அதற்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பேச்சுக் கொடுப்பது. “ஐயா, ஒங்க பேரு என்ன? எந்தத் தோட்டம்? இப்ப எங்க இருக்கீங்க?” ஒழுங்காகப் பதில் வந்தால் மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, மூளைக்கு இரத்தம் போகிறது. இந்த மூன்று கேள்விகளிலேயே ஏயும் பியும் சியும் டியும் ஓரளவு தெரிந்துவிடும். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசினால் அது அபாயக் குறி. லண்டன் அரச மருத்துவர் கல்லூரி 2017இல் திருத்திய எச்சரிக்கைப் புள்ளிமுறையில் புதிதாக வந்த குழப்பத்துக்கு மட்டுமே மூன்று புள்ளி, அதாவது ஓர் அளவுக்குக் கொடுக்கக்கூடிய உச்சம்.

இங்கேதான் நம் ஊர்ச் சிக்கல். வைத்தியருக்குத் தமிழ் தெரியாது, நோயாளிக்குச் சிங்களம் சரியாக வராது என்றால், குழறும் பேச்சு மொழிப் பிரச்சினையாகத் தோன்றிவிடும். துப்புரவு செய்ய வந்த சிற்றூழியரோ பக்கத்துக் கட்டில்காரரோ மொழிபெயர்த்தால் உண்டு. நெப்ராஸ்காவிலிருந்து இத்தனை தூரம் வந்த வரிசை, கட்டிலருகில் கடைசி இரண்டடியில் நின்றுவிடுகிறது. தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பு 1987இலேயே சொல்லிவிட்டது. இருந்தும் பயிற்சி வகுப்பில் பொம்மையின் தாடையைத் தூக்கப் பழகும் வைத்தியருக்கு அந்த மூன்று தமிழ்க் கேள்விகளைச் சொல்லிக் கொடுக்காவிட்டால், டி என்ற எழுத்து தோட்டத்து நோயாளிக்கு எட்டாது.

ஊவாவில் இளம் வைத்தியருக்கும் தாதியருக்கும் அவசர சிகிச்சை கற்பிப்பவர்கள் அந்த மூன்று கேள்விகளையும், வரக்கூடிய பதில்களையும் பாடத்தில் சேர்க்க வேண்டும். ஒரு பிற்பகல் போதும். பார்வையாளர் நேரத்தில் கட்டிலருகில் நிற்கும் மகனும் மருமகளும் ஒன்றைக் கவனியுங்கள்: நேற்றுப் போல அவர் பேசவில்லை என்று பட்டால், மூச்சு வேகமாக வாங்குகிறது என்று தெரிந்தால், யார் என்ன நினைப்பார்களோ என்று தயங்காமல் உடனே தாதியைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.