உள்ளரங்கத் துடுப்புப் பயிற்சி: நடுவயதில் தொடங்குதல்

உள்ளரங்கத் துடுப்புப் பயிற்சி என்பது, படகில் அமர்ந்து துடுப்பு வலிக்கும் அசைவைத் தரையில் நிறுத்திய பொறியில் செய்யும் உடற்பயிற்சி. உடற்பயிற்சிக்கூடங்களில் இந்தப் பொறியை ரோயிங் மெஷின் என்பார்கள். பழகியவர்கள் எர்கோமீட்டர் என்பதைச் சுருக்கி 'எர்க்' என்கிறார்கள். தண்டவாளத்தின் மேல் முன்னும் பின்னும் உருளும் இருக்கை, பாதங்களைப் பட்டையால் கட்டிவைக்கும் பலகை, சங்கிலியோடு இணைந்த கைப்பிடி, அந்தச் சங்கிலி சுழற்றும் விசிறிச் சக்கரம், கணக்குக் காட்டும் ஒரு சின்னத் திரை ஆகியவையே இதன் பாகங்கள்.

கால், இடுப்பு, முதுகு, தோள், கை எல்லாம் ஒரே அசைவில் வேலை செய்வதும், பாதம் தரையில் மோதாததும் இதை நாற்பதைக் கடந்தவர்களுக்கு ஏற்றதாக்குகின்றன. உடலின் எடையை இருக்கை சுமக்கிறது. ஓடினால் முழங்கால் நோகிறது என்று ஓட்டத்தைக் கைவிட்டவர்களில் பலர் இதைத் தாங்குகிறார்கள். ஆனால் தவறாகத் தொடங்குவதற்கு இவ்வளவு வசதியான பொறியும் வேறில்லை. டிரெட்மில்லில் வேகத்தைப் பொத்தான் தீர்மானிக்கிறது. துடுப்புப் பொறியிலோ எவ்வளவு பலமாக இழுக்கிறோமோ அவ்வளவு எதிர்ப்பு வரும். முதல் நாளே முழு பலத்தையும் காட்டிவிடலாம். நடுவயதுக்காரர்கள், குறிப்பாகக் கல்லூரிக் காலத்தில் விளையாடிய ஆண்கள், அதைத்தான் செய்கிறார்கள்.

வரலாறு

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் கடற்படைத் தளபதி காப்ரியாஸ், கடல் பழகாத ஆட்களைக் கரையில் மரச்சட்டங்களின் மேல் உட்காரவைத்துத் துடுப்பு வலிக்கப் பழக்கினார் என்று ஒரு பழங்குறிப்பு உண்டு. 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சி அறையிலும் துடுப்புப் பொறி இருந்தது. இன்று பந்தயங்களிலும் பெரிய உடற்பயிற்சிக்கூடங்களிலும் பரவலாகக் காணப்படும் காற்றெதிர்ப்புப் பொறியின் பிறப்பிடம் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம். டிக், பீட் டிரைசிகாக்கர் என்ற சகோதரர்கள் துடுப்புகள் செய்வதற்காக 1976இல் தொடங்கிய கான்செப்ட்2 நிறுவனம், சைக்கிள் சக்கரத்தை விசிறியாக மாற்றிய தன் முதல் பொறியை 1981இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆறு உறைந்துபோகும் குளிர்காலத்தில் படகோட்டிகளின் உடல் தளர்ந்துவிடக் கூடாது என்பதுதான் அன்றைய தேவை.

பந்தயமும் குளிர்காலப் பயிற்சியின் சலிப்பிலிருந்து வந்ததே. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்ததால் வாய்ப்பிழந்த படகோட்டிகள் சிலர் பாஸ்டனில் 'கிராஷ்-பி' என்ற போட்டியை விளையாட்டாகத் தொடங்கினார்கள். அதில் வென்றவருக்குப் பரிசு ஒரு சுத்தியல். 1996இல் அதன் தூரம் 2500 மீட்டரிலிருந்து 2000 மீட்டராக மாறியது. இன்றும் உலகெங்கும் அளவுகோலாக இருப்பது அந்த 2000 மீட்டர்தான். உலகப் படகோட்டக் கூட்டமைப்பின் பெயரில் முதல் உள்ளரங்க உலகச் சாம்பியன்ஷிப் 2018இல் அமெரிக்காவின் அலெக்சாண்ட்ரியா நகரில் நடந்தது. மூத்தோருக்கு வயதுவாரியாகத் தனிப் பிரிவுகள் உண்டு என்பதால், ஐம்பது வயதில் தொடங்குபவர் இருபது வயதுக்காரரோடு மோதவேண்டியதில்லை.

சென்னையில் அடையாற்றங்கரையில் மெட்ராஸ் போட் கிளப் 1867 முதல் இயங்குகிறது. ஆனாலும் தமிழ்நாட்டில் இந்தப் பொறியில் உட்காருபவர்களில் பெரும்பாலோர் பந்தயப் படகில் ஏறியிராதவர்கள். அவர்களுக்கு அசைவைச் சொல்லித்தர ஆளில்லை. நம்மூர்க் கூடங்களில் பொறி மூலையில் தூசி படிந்து கிடப்பதற்கு அது ஒரு காரணம்.

எண்களைப் படிப்பது

திரையில் பெரிதாகத் தெரியும் எண், 500 மீட்டரைக் கடக்க எத்தனை நிமிடம் ஆகும் என்ற கணக்கு. புதியவரை ஏமாற்றுவதும் அதுவே. வேகம் கூடக்கூட, தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 500 மீட்டருக்கு 2 நிமிடம் 30 வினாடி என்ற வேகத்துக்கு ஏறத்தாழ 104 வாட் போதும். 2 நிமிடம் 15 வினாடிக்கு 142 வாட் வேண்டும். 2 நிமிடத்துக்கு 203 வாட், அதாவது முதலில் சொன்னதைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. பக்கத்துப் பொறியில் இருப்பவரைவிட 15 வினாடி பின்தங்கியிருப்பது சிறு இடைவெளியாகத் தோன்றும். அந்த இடைவெளியை ஒரு வாரத்தில் மூடப் பார்ப்பவர் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார். வேகத்துக்குப் பதிலாக வாட் தெரியும்படி திரையை மாற்றிக்கொண்டால் உண்மையான முன்னேற்றம் புரியும்.

கலோரி எண்ணை நம்பி இரவு உணவைத் தீர்மானிக்க வேண்டாம். கான்செப்ட்2 திரையின் கணக்கு 175 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 79 கிலோ எடையுள்ள ஒருவரை மனத்தில் வைத்துப் போடப்பட்டது. 58 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது தாராளமாகவே காட்டும்.

விசிறிக் கூண்டின் பக்கத்தில் 1 முதல் 10 வரை எண் போட்ட நெம்புகோல் ஒன்று இருக்கும். அதற்கு டேம்பர் என்று பெயர். 10இல் வைத்தால்தான் பயிற்சி என்று நினைப்பவர்களே அதிகம். உண்மையில் அது உள்ளே புகும் காற்றின் அளவை மட்டும் மாற்றுகிறது. சைக்கிளில் கியர் மாற்றுவது போலத்தான்: கனமான கியரில் மிதித்தால் கால் சீக்கிரம் சோரும், வண்டி தானாக வேகம் எடுத்துவிடாது. நடுவயதில் தொடங்குபவர் 3க்கும் 5க்கும் இடையில் வைத்துக்கொண்டு அங்கேயே இருப்பது நல்லது. 10இல் இழுக்கும்போது சக்கரம் விரைவில் வேகம் இழப்பதால், ஒவ்வொரு இழுப்பின் தொடக்கத்திலும் கீழ்முதுகு அந்தச் சுமையை வாங்குகிறது.

அசைவு

ஓர் இழுப்பில் நான்கு கட்டங்கள் உண்டு. முன்னால் சுருண்டு நிற்கும் தொடக்க நிலையில் முழங்கால் மடங்கி, கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட எலும்பு ஏறக்குறைய செங்குத்தாக நிற்க வேண்டும். கைகள் நீண்டு, உடல் இடுப்பிலிருந்து சற்றே முன்சாய்ந்திருக்க வேண்டும். அங்கிருந்து கால்களால் பலகையைத் தள்ள வேண்டும். கால் கிட்டத்தட்ட நீண்ட பிறகே உடல் பின்சாயும். அதற்கும் பிறகே கை மடங்கி, கைப்பிடி விலா எலும்புகளின் அடிப்பகுதிக்கு வரும். திரும்பும்போது வரிசை தலைகீழ்: முதலில் கை, பிறகு உடல், கடைசியாக முழங்கால். திரும்புவதற்கு எடுக்கும் நேரம், தள்ளுவதற்கு எடுக்கும் நேரத்தைப்போல் இரு மடங்கு இருக்க வேண்டும். இந்தத் தாளம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

இழுப்பது என்று சொன்னாலும், இதில் வலுவின் பெரும்பகுதி காலிலிருந்து வருகிறது. கையால் இழுப்பவருக்கு மூன்றாம் நிமிடத்திலேயே முன்னங்கை இறுகிவிடும். கைப்பிடியை விரல்களால் கொக்கிபோல் பிடித்தால் போதும். இறுக்கிப் பிடித்தால் உள்ளங்கையில் கொப்புளம் வரும். இதைவிடக் கெட்ட பழக்கங்கள் இரண்டு. கை முழங்காலைத் தாண்டுமுன் முழங்காலை மடக்கிவிடுவது ஒன்று; கைப்பிடி முழங்காலைச் சுற்றி வளைந்து போகும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உடனே தெரியும். மற்றது, கால் தள்ளும்போது இருக்கை மட்டும் பின்னால் ஓட, உடலும் கைப்பிடியும் நின்ற இடத்திலேயே நிற்பது. அப்போது மிச்ச வேலை முழுவதும் வளைந்த கீழ்முதுகின் தலையில் விழுகிறது. வீட்டில் யாரையாவது பக்கவாட்டில் நின்று அலைபேசியில் படம் எடுக்கச் சொன்னால் இரண்டும் அகப்படும்.

வயிறு பெருத்தவர்களும் தொடையின் பின்தசை இறுகியவர்களும் முழுதாக முன்னால் சுருள முடியாது. அவர்கள் முதுகை வளைத்து எட்டிப் பிடிப்பதைவிட இழுப்பைக் குறுக்கிக்கொள்வதே மேல். மாதங்கள் போகப்போக நீளம் தானே வரும். கணுக்கால் இறுக்கத்தால் குதிகால் சற்று எழுந்தால் குற்றமில்லை. பாதப்பட்டை கால்விரல்கள் தொடங்கும் அகன்ற பகுதியின் மேல் செல்லுமாறு பாதத்தை வைக்க வேண்டும்.

உடையைப் பற்றியும் ஒரு சொல். தொளதொளத்த ஜிப்பா, நீண்ட டாப்ஸ், துப்பட்டா ஆகியவை இருக்கையின் உருளைகளில் சிக்கும். உடலோடு ஒட்டிய சட்டையே பாதுகாப்பு.

முதல் மூன்று மாதங்கள்

இதயமும் நுரையீரலும் பயிற்சிக்குச் சில வாரங்களில் இணங்கிவிடும். தசைநாண்களும் முதுகுத்தண்டைச் சுற்றிய திசுக்களும் மாதக்கணக்கில்தான் வலுப்பெறும். மூச்சு வாங்குவது குறைந்ததும் உடல் தயாராகிவிட்டது என்று எண்ணித் தூரத்தைக் கூட்டுவதே நான்காம், ஐந்தாம் வாரக் காயங்களுக்கு வழக்கமான காரணம்.

முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், ஐந்து நிமிடம் செய்து இரண்டு நிமிடம் ஓய்வு என்று மூன்று சுற்று போதும். நிமிடத்துக்கு 18 முதல் 22 இழுப்பு என்ற நிதானத்தைத் தாண்ட வேண்டாம். பக்கத்தில் இருப்பவரோடு முழு வாக்கியங்களில் பேச முடிகிறதா என்பதே அளவுகோல். 220இலிருந்து வயதைக் கழிக்கும் இதயத்துடிப்புக் கணக்கு ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்புக்கு மேலும் பிசகக்கூடியது. மூன்றாம் வாரத்திலிருந்து பத்துப் பத்து நிமிடமாக இரண்டு சுற்று, இரண்டாம் மாதத்தில் நிற்காமல் 20 நிமிடம், பிறகு 30 என்று ஏறலாம். கடினமான பயிற்சி, உதாரணமாக இடையில் நன்றாக ஓய்வெடுத்து நான்கு முறை 500 மீட்டர், இரண்டு மாதம் கழிந்த பிறகு வாரம் ஒருமுறை போதும். 2000 மீட்டர் நேரம் பார்ப்பதை மூன்றாம் மாத முடிவுக்குத் தள்ளிவைக்கலாம். முதல் முறை 10 நிமிடத்தை ஒட்டி முடித்தாலும் கௌரவமான தொடக்கமே. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையை, ஐந்து நாள் 30 நிமிடம் செய்து எட்டிவிடலாம்.

மூச்சை அடக்கி இழுத்தால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். தள்ளும்போது மூச்சை வெளியே விட வேண்டும். உயர் இரத்த அழுத்தம், இதயநோய், குடலிறக்கம், முதுகுத் தட்டுப் பிரச்சினை, நீரிழிவால் விழித்திரை பாதிப்பு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரைப் பார்த்த பின்பே தொடங்க வேண்டும். இன்சுலின் எடுத்துக்கொள்பவர்கள் சர்க்கரை தாழ்ந்துபோகும் வாய்ப்பை மனத்தில் வைத்து அருகில் இனிப்பு வைத்திருக்க வேண்டும். நெஞ்சில் அழுத்தம், தலைச்சுற்றல், காலுக்கு இறங்கும் முதுகுவலி ஆகியவை வந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். பிட்டம் மரத்துப்போவது தொடக்கத்தில் பலருக்கு வரும். எழுந்து ஒரு நிமிடம் நடந்தால் போகும். நம் ஊர்ப் புழுக்கத்தில் எதிரே ஒரு மின்விசிறி இல்லாமல் அரைமணி நேரம் தாக்குப்பிடிப்பது கடினம்.

இந்தப் பயிற்சி எல்லாவற்றையும் தராது. உட்கார்ந்தே செய்வதால் எலும்பு அடர்த்திக்கு நடைக்கும் எடை தூக்குவதற்கும் இது ஈடாகாது. மாதவிடாய் நின்ற பெண்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். தள்ளும் தசைகளான நெஞ்சும் தோளின் முன்பகுதியும் இதில் அதிகம் உழைப்பதில்லை. வாரம் இருமுறை தண்டால் சேர்த்துக்கொண்டால் அந்தக் குறை தீரும்.

பொறி வாங்குதல்

கூடத்தில் மூன்று மாதம் பழகிய பிறகே வாங்குவது புத்திசாலித்தனம். காற்றெதிர்ப்புப் பொறி சத்தம் போடும். அடுக்ககத்தில் விடியற்காலையில் ஓட்டினால் அக்கம்பக்கத்தார் பேசுவார்கள். தண்ணீர்த் தொட்டி வைத்த பொறியின் ஓசை மென்மையானது. காந்த எதிர்ப்புப் பொறி எல்லாவற்றிலும் அமைதியானது. ஆனால் பல மாதிரிகளின் கணக்கை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. மலிவான, இரு பிஸ்டன் வைத்த சிறு பொறிகளைத் தவிர்க்கலாம். அவற்றில் கைகளின் பாதை செயற்கையாக இருக்கும். காற்றெதிர்ப்புப் பொறிக்குச் சுமார் 2.4 மீட்டர் நீள இடம் வேண்டும். முழங்கால் மடக்கித் தாழ உட்கார்ந்து எழ முடியாதவர்கள் உயரமான கால்கள் கொண்ட மாதிரியைக் கேட்டு வாங்க வேண்டும். 50 மணி நேரத்துக்கு ஒருமுறை சங்கிலிக்கு எண்ணெயும், அவ்வப்போது தண்டவாளத்தைத் துடைப்பதும் தவிரப் பராமரிப்பு அதிகமில்லை.

தாமதமாகத் தொடங்கியவர்களில் அறியப்பட்ட பெயர் அயர்லாந்தின் ரிச்சர்ட் மார்கன். ரொட்டிக் கூடத்தில் வேலை பார்த்தவர். 73 வயதில் முதன்முதலாகத் துடுப்புப் பொறியில் உட்கார்ந்து, தம் வயதுப் பிரிவில் உள்ளரங்க உலகச் சாம்பியன் பட்டங்களை வென்றவர். 92 வயதில் அவரைச் சோதித்த ஆய்வு 2023இல் ஓர் உடலியங்கியல் இதழில் வெளிவந்தது. நாளொன்றுக்குச் சராசரி 40 நிமிடம், வாரத்துக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் என்பது அப்போது அவருடைய வழக்கம். அதில் சுமார் 70 விழுக்காடு மெதுவாகச் செய்யப்பட்டது, முழு பலத்தோடு இழுத்தது 10 விழுக்காடு மட்டுமே.